ஆடாதோடைக் குடிநீரை வீட்டில் எல்லோரும் குடிக்கலாமா?

கேள்வி: நாங்கள் தில்லி ஆர்.கே. புரத்தில் நெடுங்காலமாக வசிக்கிறோம். ஐப்பசியில் புகைமூட்டம் தொடங்கியதிலிருந்து என் கணவருக்கு இருமல் நிற்கவில்லை. மூன்று வாரம் கடந்துவிட்டது. அவருக்கு வயது 66. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். பகலில் கோழை வருகிறது, இரவில் வறட்டு இருமல். பக்கத்து மருத்துவர் கொடுத்த சிரப்பில் புரோம்ஹெக்சின், டெர்பியூட்டலின் என்று எழுதியிருக்கிறது. கும்பகோணத்தில் இருக்கும் என் தங்கை ஆடாதோடை, அதிமதுரம், திப்பிலி சேர்த்து இடித்த பொடியை அனுப்பியிருக்கிறாள். எங்கள் குடியிருப்பின் தோட்டக்காரர், இந்தியில் 'அடூசா' என்று சொல்லி ரிட்ஜ் காட்டிலிருந்து ஒரு கட்டு இலையும் கொண்டுவந்து தந்தார். புரோம்ஹெக்சினே ஆடாதோடையிலிருந்து வந்ததுதான் என்கிறார்கள். அப்படியானால் சிரப்பை நிறுத்திவிட்டு இந்தக் கஷாயத்தையே கொடுக்கலாமா? நான்கு மாதக் கர்ப்பிணியான மருமகளுக்கும் மூன்று வயதுப் பேரனுக்கும்கூட இருமல் இருக்கிறது. அவர்களுக்கும் தரலாமா? இந்தச் செடியை மாடித் தொட்டியில் வளர்க்க முடியுமா?

பதில்:

அன்புள்ள அம்மா,

உங்கள் மருமகளைப் பற்றிய பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது காத்திருக்கக் கூடாதது. கர்ப்பிணிக்கு ஆடாதோடை வேண்டாம். கஷாயமாகவும் வேண்டாம், பொடியாகவும் வேண்டாம், கடையில் விற்கும் ஆடாதோடை மணப்பாகு என்னும் பாகு மருந்தாகவும் வேண்டாம். இந்த இலையின் முதன்மையான வேதிப்பொருளான வாசிசின், மூச்சுக்குழலின் தசையைத் தளர்த்துவதுபோலவே கருப்பையின் தசையைச் சுருங்கச் செய்யவும் வல்லது. ஜம்முவில் இருந்த வட்டார ஆராய்ச்சி ஆய்வகத்தினர் 1970களின் பிற்பகுதியிலும் 1980ஐ ஒட்டியும் இதை விரிவாக ஆராய்ந்து, பேறுகாலத்தில் மருத்துவர்கள் பயன்படுத்தும் ஆக்சிடோசினை ஒத்த செயல் வாசிசினுக்கு உண்டென்றும், உடலில் புரோஸ்டாகிளாண்டின்கள் என்னும் இயக்குநீர் போன்ற பொருள்களை வெளிப்படச் செய்வதன் வழியாக அது கருப்பையைச் சுருக்குகிறதென்றும் வெளியிட்டார்கள். எலிகளுக்கு இலைச்சாற்றைக் கொடுத்துப் பார்த்த பிற்காலச் சோதனைகள் ஒன்றுக்கொன்று மாறுபட்டவை. சிலவற்றில் கரு கலைந்தது, சிலவற்றில் ஒன்றும் நேரவில்லை. ஆராய்ச்சியாளர்கள் இந்த முரண்பாட்டை இன்னும் பல ஆண்டுகள் விவாதிக்கலாம். வயிற்றில் பிள்ளை இருக்கும் ஒரு பெண்ணுக்கோ, ஒரு பக்கம் ஐயம் இருந்தாலே விலகியிருப்பதற்கு அதுவே போதுமான காரணம்.

அவர் ஏற்கெனவே ஓரிரு வாய் குடித்திருந்தால் அஞ்ச வேண்டாம். இத்துடன் நிறுத்திவிட்டு, அடிவயிற்று வலியோ இரத்தக் கசிவோ தோன்றினால் மட்டும் தாமதிக்காமல் மகப்பேறு மருத்துவரிடம் செல்லுங்கள். வலி எதுவும் இல்லாவிட்டாலும், அடுத்த முறை பரிசோதனைக்குப் போகும்போது இதைக் குடித்த செய்தியை மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது. இருமலுக்கு வெதுவெதுப்பான நீர், உப்பு நீரில் கொப்பளித்தல், ஒரு தேக்கரண்டி தேன், ஆவி பிடித்தல் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். காய்ச்சலோ மூச்சு வாங்குதலோ இருந்தால் வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்தக் கூடாது.

இனி, புரோம்ஹெக்சின் ஆடாதோடையிலிருந்து வந்ததா என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். அதில் உண்மை இருக்கிறது, ஆனால் அந்த உண்மையிலிருந்து நீங்கள் எடுக்கும் முடிவு சரியில்லை. ஆடாதோடையிலிருந்து வாசிசினை முதன்முதலில் பிரித்தெடுத்தவர் டேவிட் ஹூப்பர். சென்னை மாகாண அரசின், கொயினா தரும் சின்கோனா மரத் தோட்டங்களுக்கான வேதியியலராக உதகமண்டலத்தில் பணியாற்றிய அவர், 1888இல் இந்தக் கண்டுபிடிப்பை வெளியிட்டார். நம் வீட்டு வேலியில் நின்ற செடியின் வேதியியல், மலேரியாவுக்குக் கொயினா காய்ச்சிக்கொண்டிருந்த அதே நீலகிரி மலையில் தொடங்கியது என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் செய்தி. 1930களில் வாசிசினின் மூலக்கூற்று அமைப்பு தெளிவாயிற்று. வடநாட்டில் சாம்பிராணியைப் போல நெருப்பிலிட்டுப் புகைக்கும் ஹர்மல் விதைச் செடியிலிருந்து கிடைத்த பெகனைனும் வாசிசினும் ஒரே பொருள் என்பதும் அந்த ஆண்டுகளில்தான் உறுதியானது.

வாசிசின், குவினசோலின் வகையைச் சேர்ந்த ஒரு ஆல்கலாய்டு, அதாவது செடிகளில் உண்டாகும் நைட்ரஜன் கொண்ட வேதிப்பொருள். அதன் மூலக்கூறில் 11 கார்பன், 12 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன், 1 ஆக்சிஜன் அணுக்கள் உள்ளன. தனித்துப் பிரித்த வாசிசின் நீரில் எளிதில் கரைவதில்லை. ஆனால் இலைக்குள் அது கரிம அமிலங்களோடு உப்பாகச் சேர்ந்து இருப்பதால், இலையைக் கொதிக்கவைத்தால் நீரில் இறங்கிவிடுகிறது. ஆகவே நம் முன்னோர் குடிநீராகக் காய்ச்சியதில் வேதியியல் நியாயம் இருக்கிறது. காற்றும் வெளிச்சமும் படப்பட வாசிசினின் ஒரு பகுதி ஆக்சிஜனேற்றம் அடைந்து வாசிசினோனாக மாறுகிறது. பச்சை இலையிலும், நிழலில் உலர்ந்த இலையிலும், ஓராண்டு டப்பாவில் கிடந்த பொடியிலும் இவ்விரண்டின் விகிதம் ஒன்றாக இருப்பதில்லை. இது வெறும் புத்தகச் செய்தி அன்று. விலங்குகளில் செய்த ஆய்வுகளில் வாசிசின் மூச்சுக்குழலை விரித்தது. இரண்டும் சேர்ந்திருந்தபோது அந்த விரிவு தெளிவாகத் தெரிந்தது. வாசிசினோன் மட்டும் தனித்து இருந்தபோது, உடலுக்கு வெளியே வைத்துச் சோதித்த திசுவில் ஒரு விதமாகவும் உயிருள்ள விலங்கில் வேறு விதமாகவும் நடந்துகொண்டது. ஆகையால் பொடி பழையதா புதியதா என்பதைப் பொறுத்து மருந்தின் குணமே சற்று மாறக்கூடும்.

ஜெர்மனியின் போரிங்கர் இங்கெல்ஹைம் நிறுவனத்தார் 1960களில், வாசிசினின் அமைப்பை முன்மாதிரியாக வைத்து ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய செயற்கை மருந்துதான் புரோம்ஹெக்சின். அதில் இரண்டு புரோமின் அணுக்கள் சேர்க்கப்பட்டிருக்கின்றன. வாசிசினின் வளையக் கட்டு அதில் இல்லை. புரோம்ஹெக்சின் நம் உடலில் மாறி உண்டாகும் பொருள்களில் ஒன்றைத் தனி மருந்தாக்கியதே ஆம்ப்ராக்சால். இவை இரண்டும் கோழையின் பிசுபிசுப்பைக் குறைத்து, அதை நீர்க்கச் செய்து, மூச்சுக்குழலின் உட்சுவரிலுள்ள நுண்மயிர்கள் அதை மேலே தள்ள உதவுகின்றன. மூச்சுக்குழலை விரிக்கும் வேலையைப் புரோம்ஹெக்சினிடம் யாரும் எதிர்பார்ப்பதில்லை. அதற்காகவே உங்கள் சிரப்பில் டெர்பியூட்டலினைச் சேர்த்திருக்கிறார்கள். ஆக, இலையும் சிரப்பும் உறவுக்காரர்கள். ஒருவர் இடத்தில் மற்றவரை அப்படியே உட்காரவைக்க முடியாது.

அளவைப் பார்த்தாலும் இது விளங்கும். புரோம்ஹெக்சின் மாத்திரை ஒன்று 8 மில்லிகிராம் என்றால், மருந்துத் தர விதிகள் அனுமதிக்கும் சிறு ஏற்றத்தாழ்வுக்குள் அது 8 மில்லிகிராமாக இருக்க வேண்டும் என்பது சட்டம். உலர்ந்த ஆடாதோடை இலையிலோ ஆல்கலாய்டுகள் அரை விழுக்காடு முதல் இரண்டு விழுக்காடு வரை இருப்பதாக அளந்திருக்கிறார்கள். ஐந்து கிராம் இலையைக் காய்ச்சி அவ்வளவும் நீரில் இறங்கினால், ஒரு செடியின் இலை 25 மில்லிகிராம் தரும், இன்னொரு செடியின் இலை 100 மில்லிகிராம் தரும். மண், பருவம், இலையின் முதிர்ச்சி எல்லாம் இதைத் தீர்மானிக்கின்றன. அதனால்தான் ஆடாதோடையை ஒரு மருந்தாகவே மதிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துகிறேன். "இலைதானே, என்ன செய்துவிடும்" என்று எண்ணுகிறவர்கள் அதன் ஆற்றலையும் அறியவில்லை, அதன் ஆபத்தையும் அறியவில்லை.

மனிதரிடம் நடத்திய ஆய்வுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆர்மீனியாவில் மேல் சுவாசப் பாதைத் தொற்று உள்ளவர்களிடம், ஆடாதோடையை எக்கினேசியா, எலியூதெரோகாக்கஸ் ஆகிய இரண்டு மூலிகைகளோடு சேர்த்த திரவ மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2005இல் வெளியான அந்த ஆய்வில் இருமல் உள்ளிட்ட தொல்லைகள் விரைவாகத் தணிந்தன. ஆனால் மூன்று மூலிகைகள் சேர்ந்த மருந்தின் பயனில் ஆடாதோடையின் பங்கு எவ்வளவு என்று அதைக்கொண்டு பிரித்துச் சொல்ல இயலாது. மத்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆரின் கீழ், உங்கள் ஊரான தில்லியிலேயே உள்ள ஐ.ஜி.ஐ.பி. என்னும் மரபணு ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வில், ஆடாதோடைச் சாறு எலிகளின் நுரையீரல் அழற்சியைக் குறைத்தது. ஆக்சிஜன் குறையும்போது உயிரணுக்களில் உயரும் ஹிஃப்-1 ஆல்ஃபா என்னும் புரதத்தையும் தணித்தது. நம்பிக்கை தரும் பணி அது. எலியிடம் கண்டதை 66 வயது மனிதருக்கு அப்படியே பொருத்துவதற்கு இடையில் இன்னும் பல படிகள் உள்ளன.

உங்கள் கணவருக்கு வருவோம். அவருக்கு ஆடாதோடை ஆகுமா என்பதைவிட, மூன்று வாரமாக அவர் எதனால் இருமுகிறார் என்பதே எனக்குக் கவலை தருகிறது. இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் எந்த இருமலுக்கும் காசநோய்ச் சளிப் பரிசோதனை செய்துவிட வேண்டும் என்பது நம் நாட்டின் காசநோய் ஒழிப்புத் திட்டத்தின் விதி. அரசு மருத்துவமனைகளில் இதற்குப் பணம் இல்லை. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு கூடுதல் என்பதால், உங்கள் கணவர் விஷயத்தில் இதைத் தள்ளிப்போடவே கூடாது. புரோம்ஹெக்சினும் ஆம்ப்ராக்சாலும் சோதனைக் குழாயில் காசநோய்க் கிருமியின் வளர்ச்சியைத் தடுத்ததாக 1996இல் ஒரு ஆய்வு வெளியாயிற்று. ஆடாதோடை காசநோயைத் தீர்க்கும் என்று பேசுவோர் அதைச் சுட்டிக்காட்டுவதுண்டு. சோதனைக் குழாயில் தடுத்ததற்காகக் காசநோயாளிக்குக் கஷாயம் கொடுத்து ஆறு மாத மருந்தைத் தவறவிட்டால், நோய் முற்றுவதோடு வீட்டிலுள்ள குழந்தைக்கும் பரவும். சளியில் இரத்தம் வந்தால் ஆடாதோடை கொடுப்பது நம் பழைய வழக்கம். இன்று அந்த நிலையில் முதலில் எடுக்க வேண்டியது மார்பு எக்ஸ்ரே.

இரவு வறட்டு இருமலுக்கு இன்னொரு காரணம் அவருடைய மாத்திரைப் பெட்டிக்குள்ளேயே இருக்கலாம். இரத்த அழுத்தத்துக்கு அவர் சாப்பிடுவது ராமிப்ரில், எனலாப்ரில், லிசினோப்ரில் என்று 'ப்ரில்' என முடியும் மாத்திரையா என்று பாருங்கள். இவ்வகை மாத்திரை சாப்பிடுவோரில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு வறட்டு இருமல் வருகிறது. சிலருக்கு மாத்திரை தொடங்கிப் பல மாதம் கழித்தும் வரும். அந்த இருமலை எந்தச் சிரப்பும் எந்த இலையும் அடக்காது. மருத்துவர் மாத்திரையை மாற்றினால் சில வாரங்களில் தானே அடங்கும். ஆனால் அவரைக் கேட்காமல் நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

உங்கள் தங்கை அன்போடு அனுப்பிய பொடியை அவருக்குக் கொடுக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். அதற்கு முதற்காரணம் அதிலுள்ள அதிமதுரம். அதிமதுரத்தின் இனிப்புக்குக் காரணமான கிளிசிரைசின், சிறுநீரகத்தில் கார்டிசோல் என்னும் இயக்குநீரைச் செயலிழக்கச் செய்யும் நொதியைத் தடுக்கிறது. அதனால் உடலில் உப்பும் நீரும் தங்கி இரத்த அழுத்தம் ஏறுகிறது, பொட்டாசியம் வெளியேறுகிறது. அழுத்தத்துக்காகச் சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையும் சாப்பிடுபவராக இருந்தால் பொட்டாசியம் இரட்டிப்பாக இறங்கி, இதயத் துடிப்பே தாறுமாறாகக்கூடும். திப்பிலியிலுள்ள பைப்பெரின் என்னும் பொருள், மருந்துகளைக் கல்லீரல் சிதைக்கும் வேகத்தைக் குறைத்து, இரத்த அழுத்தத்துக்குத் தரும் புரோப்ரனோலால் போன்ற மருந்துகளின் அளவை இரத்தத்தில் உயர்த்துகிறது. இருமலுக்கு இந்த மூன்றையும் சேர்த்த நம் பாட்டிமார் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். அவர்களிடம் மருந்து வாங்கிக் குடித்தவர்கள் தினமும் வேறு நான்கு மாத்திரை விழுங்கிக்கொண்டிருக்கவில்லை. மணப்பாகும் அவருக்கு ஏற்றதன்று. அது சர்க்கரைப் பாகில் செய்வது.

பரிசோதனைகள் முடிந்து, இது சாதாரணச் சளி இருமல்தான் என்று தெரிந்த பிறகு, ஆடாதோடை இலை மட்டும் இட்ட குடிநீரைச் சில நாட்கள் குடிக்க அவர் விரும்பினால், சித்த மருத்துவர் ஒருவர் நேரில் பார்த்து அளவு சொல்லட்டும். சப்தர்ஜங் மருத்துவமனை வளாகத்தில் மத்திய அரசின் சித்த மருத்துவ ஆராய்ச்சிப் பிரிவு இயங்குகிறது; சரிதா விகாரில் உள்ள அகில இந்திய ஆயுர்வேத நிறுவனத்திலும் இதே இலையை வாசா என்ற பெயரில் தருகிறார்கள். எங்கே போனாலும் மாத்திரைச் சீட்டுகள் அனைத்தையும் எடுத்துச் செல்லுங்கள். அந்த நாட்களில் புரோம்ஹெக்சினோ ஆம்ப்ராக்சாலோ உள்ள சிரப்பைச் சேர்த்துக் கொடுக்க வேண்டாம். ஒரே திசையில் வேலை செய்யும் இரண்டைச் சேர்த்தால் குமட்டலும் வயிற்றெரிச்சலும் மிகும். டெர்பியூட்டலினால் கை நடுக்கமோ படபடப்போ வந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று, அம்மா. தில்லியின் புகையால் வந்த இருமலுக்கு ஆடாதோடை நிவாரணம் தரலாம். புகையை அது நுரையீரலிலிருந்து எடுத்துவிடும் என்று எண்ண வேண்டாம். பிஎம் 2.5 எனப்படும் நுண்துகள் ஒரு நாள் சராசரியாகக் கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது நம் நாட்டு வரம்பு. உலக சுகாதார நிறுவனம் 15 என்கிறது. நவம்பரில் உங்கள் ஊரில் பல நாட்கள் அது 200ஐயும் 300ஐயும் தாண்டுகிறது. இந்தத் துகள்கள் கோழை படியும் குழல்களையும் கடந்து, நுரையீரலின் கடைசிக் காற்றறைகள் வரை சென்றுவிடுகின்றன; கோழையை இளக்கும் மருந்துக்கு அங்கே வேலையில்லை. காலை நடையை இரண்டு மாதம் விட்டுவிடுவதும், வெளியே போகும்போது முகத்தோடு படியும் என்95 முகக்கவசம் அணிவதும், வீட்டுக்குள் ஊதுவத்தியும் கொசுவத்தியும் கொளுத்தாமல் இருப்பதும் எந்தக் கஷாயத்தைவிடவும் அவருக்கு நன்மை செய்யும்.

பேரனுக்கு ஆடாதோடை வேண்டாம், சிரப்பும் வேண்டாம். 2025ஆம் ஆண்டு அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சுப் பொருள் கலந்த இருமல் சிரப்பால் குழந்தைகள் மாண்ட செய்தியைப் படித்திருப்பீர்கள். அதையொட்டி மத்திய சுகாதாரத் துறை, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளைத் தரக் கூடாது என்றும், ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்றும் அறிவுறுத்தியது. சிரப்புக்கு அஞ்சிப் பல வீடுகளில் இலைப் பக்கம் திரும்புகிறார்கள். அந்த அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் மூன்று வயதுக் குழந்தைக்கு எவ்வளவு வாசிசின் பாதுகாப்பானது என்பதற்கு நம்பத்தக்க அளவுகோல் இல்லை. இந்த வயதில் வரும் சளி இருமல் பெரும்பாலும் வைரஸால் வந்து, ஒன்றிரண்டு வாரத்தில் தானே போவது. இரவில் அரைத் தேக்கரண்டி தேன் கொடுங்கள்; ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடாது, உங்கள் பேரனுக்குக் கொடுக்கலாம். விலா எலும்புகள் உள்ளே இழுபட மூச்சு விட்டாலோ, உணவை மறுத்துச் சோர்ந்து கிடந்தாலோ அன்றைக்கே குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

தோட்டக்காரர் கொண்டுவந்தது பெரும்பாலும் சரியான செடியாகவே இருக்கும், ஏனெனில் ரிட்ஜ் காட்டில் ஆடாதோடை புதர் புதராக விளைகிறது. இருந்தாலும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆடாதோடையின் இலைகள் தண்டில் எதிரெதிராக இணையிணையாக இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு சாண் வரை நீண்டு, வேல் வடிவில், ஓரத்தில் பல் வெட்டு இல்லாமல் இருக்கும், மென்றால் கடுங்கசப்பு. ஆடாதோடையில் கலப்படமாகச் சேர்வது பெருமரத்தின் இலை. தில்லிச் சாலையோரங்களிலும் அந்த மரம் உண்டு. அதன் சிற்றிலைகளின் ஓரத்தில் கரடுமுரடான பற்கள் இருக்கும், கசக்கினால் துர்நாற்றம் வரும். பொடியாக வாங்கினால் கண்ணால் வேறுபாடு காண வழியே இல்லை என்பதால், பழைய தில்லியின் மசாலா, மூலிகைச் சந்தையான காரி பாவ்லியில் வாங்குவதானாலும் முழு இலையாகப் பார்த்து வாங்குவது மேல். மற்றபடி, ரிட்ஜ் 1994இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்ட நிலம். அங்கே இலை பறிப்பது முறையன்று. வாகனப் புகை படிந்த சாலையோரச் செடியின் இலையும் மருந்துக்கு ஆகாது.

ஆகவே தொட்டியில் வளர்க்கும் உங்கள் எண்ணத்தை வரவேற்கிறேன். ஆடாதோடைக்குப் பெரிய பராமரிப்பு தேவையில்லை. ஆடு மாடு கடிக்காது, பூச்சியும் அதிகம் அண்டாது. இந்தக் குளிரில் நட்டால் வேர் பிடிக்கத் தாமதமாகும். ஆடி, ஆவணி மழையில், முற்றிய தண்டிலிருந்து ஒரு சாண் நீளக் குச்சியை மூன்று கணுக்களோடு வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி அகலமான தொட்டியில் ஊன்றுங்கள். நீர் தேங்காமல் வடிய வேண்டும், நாளில் பாதி நேரமாவது வெயில் பட வேண்டும். தில்லியில் இது மாசி, பங்குனியில் கதிர் விட்டுப் பூக்கும். வெள்ளைப் பூவின் கீழ் உதட்டில் ஊதா நிறக் கீற்றுகள் தெரியும். அந்தப் பூவைக் கண்டு செடி இன்னதென்று உறுதி செய்த பிறகே இலையை மருந்துக்குப் பறியுங்கள்.